எட்டே எட்டுப் படம்

எங்கள் மாமாவோடு அரை நாள் இருந்து பாருங்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லலாம். அம்மாவின் தம்பி அவர். கொழும்பில் கடையொன்றில் வேலை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது, முதலாளியிடம் கெஞ்சி இரவல் வாங்கிய டிஜிட்டல் கெமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பிலிம் போடாத கெமராவை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நான்கு.

அம்மாவைப் படம் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். பிள்ளைகள் தினமும் தாய் முகத்தைப் பார்க்குமாம். அந்தச் சுவரில் தாத்தாவும் பெரியப்பாவும் காகித மாலையோடு இருந்தார்கள்.

"அந்தச் செவுத்துல வேணாம்டா" என்றாள் அம்மா.

"வேற செவுரு எங்கக்கா இருக்கு?" என்றார் மாமா. எங்கள் காம்பரா ஒரே அறை; படம் மாட்டத் தோதான சுவரும் அது ஒன்றுதான்.

கெமராவில் படத்துக்குப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவு. மாமா பெரியதை வைத்தார். தரத்தையும் உச்சத்தில் வைத்தார். திரையின் மூலையில் எட்டு என்று காட்டியது. மொத்தமே எட்டுப் படம்தான் கொள்ளுமாம்.

அடுத்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா கண்ணை மூடிவிட்டாள், அழி. பனி மூடிவிட்டது, அழி. தம்பி தலையை நீட்டிவிட்டான், அவனுக்கு ஒரு குட்டு, படத்தையும் அழி. எங்களை ஒன்றே ஒன்று எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"ஒன்னைய எடுத்தா ஒரு படம் போயிரும். பேசாம நில்லு."

பெரிய துரை! தேத்தண்ணி குடிக்க அவர் உள்ளே போன நேரம் கெமராவை எடுத்தேன். அவர் அமுக்கிய பொத்தான்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். சிறிய அளவு, சாதாரணத் தரம். எட்டு இருநூற்றுச் சொச்சமாகிவிட்டது. தம்பியின் மூக்கொழுகும் முகம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடம், நானும் அவனும் கன்னத்தோடு கன்னம் என்று எடுத்துத் தள்ளினேன். மாமா வந்து, மூலையைப் பார்க்காமலே அம்மாவை எடுத்தார். அது அருமையாக அமைந்தது.

மறுநாள் எல்லோரும் தலவாக்கலை டவுனுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் கணினியைப் பார்த்துவிட்டு மாமாவிடம் உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பி, இது சின்ன அளவுல எடுத்தது. பெருசாக்குனா மூஞ்சி கட்டங்கட்டமாத்தான் வரும். உள்ளங்கை அளவுன்னா நல்லா வரும்."

கணினியில் எங்கள் படங்களையும் பார்த்த மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. என் காதைப் பிடித்துத் திருகினார். மறுபடி எடுக்கலாமென்றால் கெமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது; அன்று மாலையே அது கொழும்புக்குத் திரும்பவும் வேண்டும்.

"புள்ளைய விடுடா" என்ற அம்மா, ஸ்டூடியோக்காரரிடம் திரும்பினாள். "சின்னதாவே போடுங்க. புள்ளைங்களோடது எல்லாம் எனக்கு. என்னோடது ஒண்ணு போதும், இதுங்க கையில வச்சுக்கட்டும்."

"அப்ப செவுத்துல எதக்கா மாட்டுறது?" மாமாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அம்மா சிரித்தாள். பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமா தோற்றுப்போனதற்காகத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, திருகிய காதைத் தேய்த்துக்கொண்டே நானும் சிரித்தேன்.