அவுட் ஆகாமலே வெளியே வருகிறவள்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் அறிந்தால் அது இன்னும் கேவலமாக இருக்கும். ஐஸ் ஹொக்கி ஆடும் மகளைக் காரில் இருத்தி, "கோல் போடும் வரைக்கும் ஐஸை விட்டு வெளியில வரக்கூடாது, விளங்குதோ?" என்று புத்தி சொன்ன தகப்பன் நான்தான். மொன்றியலில் இதைச் சொன்னால் தள்ளுவண்டியில் போகும் குழந்தைகூடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

ஹொக்கி பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த ஆட்டத்தில் கோல் காப்பவரைத் தவிர யாரும் பனியில் தொடர்ந்து நிற்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், ஒரு நிமிடம் ஆவதற்குள் களைத்துப்போய் பெஞ்சுக்கு வருவார்கள், காத்திருக்கும் இன்னொருவர் பலகை வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போவார். ஆட்டம் முடியும்வரை இதே போக்குவரத்துத்தான். அதற்கு ஷிஃப்ட் என்று பெயர்.

நானோ கிரிக்கெட்டில் வளர்ந்தவன். நடுவர் விரலைத் தூக்கும்வரை கிறீசை விட்டு அசையக்கூடாது என்பது என் இரத்தத்தில் ஊறிய சங்கதி. வெளியே வருகிறவன் தோற்றவன். ஆகவே மகள் சின்னப் பிள்ளையாக ஆடத் தொடங்கிய வருடம், அவள் பெஞ்சுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு பதறியது. "கோச்சுக்கு எங்கட பிள்ளையில ஏதோ பிடிப்பில்லை" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வருடக் கடைசியில், ஐஸ்கிரீம் டப்பா நிறைய மட்டன் றோல்ஸ் கொண்டுபோய் அந்த மனிதரிடம் கொடுத்து, என் மகளை ஏன் அடிக்கடி வெளியே எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். அவர் றோல்ஸைச் சாப்பிட்டபடியே, எல்லாரையும்தான் எடுக்கிறேன் என்றார். இரண்டாவது றோல்ஸை முடித்த பிறகு, இதுதான் விளையாட்டு என்றார்.

அன்றைக்கு மூளைக்கு விளங்கியது. உடம்புக்கு விளங்கவில்லை.

"பெரிய கிரிக்கெட்காரர்," என்றாள் மனைவி. "பன்னிரண்டாவது ஆளா நிண்டு தண்ணி காவினனீங்கள் எண்டு உங்கட தம்பி எனக்கு எப்பவோ சொல்லிட்டார்."

தண்ணீர் கொண்டுபோனவனுக்கும் ஆட்டம் தெரியும். கிட்ட நின்று பார்த்தவன் அல்லவா.

இந்த செப்டெம்பரில் வந்தது வேறு விஷயம். மகள் எங்கள் பகுதியின் பெரிய பெண்கள் அணிக்கான தேர்வு முகாமுக்குப் போனாள். போன வருடமும் போனவள்தான். கடைசி நாளில் கழித்துவிட்டார்கள். அன்றிரவு அவள் புட்டைக் குழைத்துச் சாப்பிட்டாள், ஸ்கேட்டைத் துடைக்காமல் வைத்தாள், அடுத்த நாள் காலை என் காரில் ஏறாமல் மெட்ரோவில் பள்ளிக்குப் போனாள். அழுதிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு இந்தக் கோடை முழுவதும் நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் கார் தரிப்பிடத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகைக்கு மேல் நின்று பந்து அடித்துக்கொண்டே இருந்தாள். முதலாம் மாடி மனிதர் வந்து முறைப்பாடு செய்தார். அடுத்த வாரம் அவரே இறங்கிவந்து, மணிக்கட்டைத் திருப்பு என்று சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் ஹொக்கி என்றால் கோபம் அவ்வளவு நேரந்தான் நிற்கும்.

இடப்பக்க ஃபார்வர்டுக்கு இந்த வருடம் ஒரே ஒரு இடந்தான் மிச்சம். அதற்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி என் மகள். மற்றவள் அவளைவிட ஒரு தலை உயரமான பிள்ளை. பக் என்கிற அந்த ரப்பர் வட்டை அவள் அடித்தால், பலகையில் படும் சத்தம் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் கேட்கும்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். எந்தப் பெட்டி எந்த லொறிக்குள் அடங்கும் என்று பார்த்தவுடன் சொல்வது என் தொழில். அதே கண்ணால் இரண்டு பிள்ளைகளையும் முகாம் முழுவதும் எடைபோட்டேன். மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் மகள்தான் மேல்.

ஸ்கேட்டில் அவளுடைய முதல் மூன்று தள்ளலில் ஒரு வேகம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் பெரிய பிள்ளைகள் குனிந்து நிமிர்வதற்குள் போய்விடுவாள். அடுத்தது மூலை. பக் மூலைக்குள் போய் மாட்டிக்கொண்டால் பலர் பக்கத்தில் நின்று தடியால் நோண்டுவார்கள். இவள் தோளைக் கொடுத்து உள்ளே இறங்கி அதை எடுத்துக்கொண்டு வருவாள். குறையும் இருக்கிறது, நான் நியாயமானவன். பின்பக்கமாக ஸ்கேட் பண்ணும்போது தடுமாறுவாள். அதைவிடப் பெரிய குறை, கோலுக்கு முன்னால் நிற்கும்போதும் பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். எங்கள் வீட்டில் தட்டில் கடைசி றோல்ஸ் கிடந்தால், நீங்கள் எடுங்கோ, இல்லை நீங்கள் எடுங்கோ என்று அது காய்ந்துபோகும் வரைக்கும் தள்ளிவிடுவோம். அந்தப் பழக்கம் அவளோடு பனியிலும் இறங்கிவிட்டது.

"எடுபடுவாள்," என்று மனைவியிடம் தீர்ப்புச் சொன்னேன். "எழுதி வைச்சுக்கொள்ளும்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்."

"போன வருசம் கோச்சுக்குக் கண் தெரியேல்லை. இந்த முறை ஆள் வேறை."

இந்த முறை கோச் ஒரு பெண். குட்டை முடி, கழுத்தில் விசில், யாருடனும் தேவைக்கு மேல் பேச்சுக் கிடையாது. முகாம் முடியும்வரை பெற்றோர் தன்னோடு கதைக்கக்கூடாது என்று முதல் நாளே அறிவித்துவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது. றோல்ஸ் கதை அவருடைய காதுவரை போயிருக்கலாம்.

கதைக்க வழியில்லை என்றதும் என் ஆலோசனை முழுவதும் மகளின் தலையில் இறங்கியது. கடைசி நாள் அரீனாவுக்குப் போகும் வழியில், அவளுடைய ஹொக்கிப் பையின் கருவாட்டு வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, நான் ஆரம்பித்தேன். "இஞ்சை பார் பிள்ளை. நீ பெஞ்சில இருந்தால் கோச் உன்னை எப்பிடிப் பாக்கிறது? ஐஸில நிக்கிற ஆளைத்தானே அவ பாப்பா." அதற்குப் பிறகுதான், முதலில் சொன்ன அந்தப் பொன்மொழி என் வாயிலிருந்து வந்தது.

பின்னால் இருந்து பிரெஞ்சில் ஏதோ முணுமுணுப்பு வந்தது. என் மகள் வீட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவள். தமிழ் வெளியே வருவது பசிக்கும்போதும் கோபத்திலும் மட்டுமே.

"அப்பா, இது கிரிக்கெட் இல்லை," என்றாள் தமிழில். சாப்பிட்டுத்தான் வந்திருந்தாள்.

கடைசிப் பரீட்சை ஓர் ஆட்டம். எல்லாப் பிள்ளைகளையும் சிவப்பு, வெள்ளை என்று பிரித்துவிட்டார்கள். என் மகளும் அந்த உயரமான பிள்ளையும் சிவப்பில், ஒரே இடத்துக்கு. ஒருத்தி வெளியே வந்தால் மற்றவள் உள்ளே போகவேண்டும். நானும் மனைவியும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு குளிர்ந்த பலகை இருக்கையில் இருந்தோம்.

ஆட்டத்தின் பின்பாதியில் அது நடந்தது. மகள் பனியில் இருந்தாள், கொஞ்ச நேரமாக நன்றாக ஓடியிருந்தாள். நடுப்பகுதியில் ஒரு சிவப்புப் பிள்ளை பக்கைப் பறித்தெடுத்தாள். இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. முன்னால் கோல் காப்பவளைத் தவிர யாரும் இல்லை. இன்னும் இரண்டு தள்ளுத் தள்ளினால் பக் என் மகளின் தடிக்கு வந்துவிடும். நான் எழுந்துவிட்டேன்.

மகள் திரும்பி பெஞ்சுக்கு வந்தாள்.

அவள் கை வேலியைத் தொட்டதும் உயரமான பிள்ளை குதித்தாள். பக் அவளிடம் போனது. சத்தம் தரிப்பிடம் வரைக்கும் கேட்டிருக்கும். கோல்.

"கையில வந்ததைக் குடுத்திட்டு வாறாள்," என்றேன். "றோல்ஸைத் தள்ளிவிடுற மாதிரி."

"இருங்கோ முதலில," என்றாள் மனைவி. "பின்னால இருக்கிறவை மறைக்குது எண்டு பாக்கினம்."

கோல் போட்ட சந்தோஷத்தில் அந்தப் பிள்ளை வெளியே வரவில்லை. ஒரு நிமிடம் போனது, அதற்கு மேலும் போனது. பெஞ்சில் இருந்த உதவிக் கோச் தடியால் வேலியில் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். அவள் கையைக் காட்டிவிட்டு இன்னொரு கோலுக்காக ஓடினாள். என் மகள் வேலியில் ஒரு காலைப் போட்டபடி காத்துக்கொண்டே நின்றாள். என் அறிவுரையை அந்த அரீனாவில் ஒரே ஒருத்தி சொல் பிசகாமல் பின்பற்றினாள். அது என் மகள் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு பக் திசை மாறியது. உயரமான பிள்ளையால் திரும்பி ஓட முடியவில்லை, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். அவள் காக்கவேண்டிய பக்கத்தால் வெள்ளை நேரே போய் கோல் போட்டது. அதன் பிறகே என் மகள் இறங்கினாள். தன்னைவிடப் பெரிய ஒருத்தியோடு மூலைக்குள் போய் பக்கோடு வந்தாள். அதை வழக்கம்போல இன்னொருத்திக்குக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள் கோச் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெற்றோர் எல்லாரும் குளிர்பான இயந்திரத்தைச் சுற்றி, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். உயரமான பிள்ளை உள்ளே போனாள். வந்தபோது முகம் சிவந்திருந்தது. தகப்பன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தார். போன வருடம் நான் போட்டுக்கொண்ட அதே மாதிரி. அவரிடம் ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வெளிக்கதவு சாத்திக்கொண்டது.

மகள் போனாள், உடனேயே வந்தாள். "எடுத்திட்டினம்," என்றாள். தாயின் தோளில் ஈரத்தலையை வைத்தாள். போன வருடம் அழாமல் விட்டதையும் சேர்த்து இந்த வருடம் அழுதாள்.

அவளுக்குப் பின்னாலேயே கோச்சும் கதவடிக்கு வந்தார். முகாம் முடிந்துவிட்டது, சட்டப்படி நான் கதைக்கலாம். நன்றி சொன்னேன். அவர், "எப்போது வெளியே வரவேண்டும் என்று உங்கள் மகளுக்குத் தெரிகிறது. இந்த வயதில் அது அபூர்வம்," என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று மனைவிக்குத் தெரியும். அதனால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

கார் கிளம்பி முதல் சிக்னல் தாண்டுவதற்குள் என் விரிவுரை தொடங்கிவிட்டது. அந்தக் கணத்தில் அவள் செய்தது எத்தனை பெரிய கணக்கு, தன் கோலை விட்டுக்கொடுத்து அணியின் கோலைப் பார்த்தாள், புதுக்காலோடு மற்றவள் போய்ச் சேரும் நேரத்தை அளந்து திரும்பினாள், இந்தத் தூரநோக்கு ஒருவேளை தகப்பன் வழியில் வந்திருக்கலாம்.

"நீங்கள் சொன்னபடி நிண்டிருந்தால் இப்ப மற்ற ஆக்களின்ர காருக்குள்ளதான் சிரிப்பு," என்றாள் மனைவி.

நான் அதைக் கேட்காதமாதிரி, கண்ணாடியில் மகளைப் பார்த்துக் கேட்டேன். "சொல்லு பிள்ளை. அந்த நேரம் உன்ர மனசில என்ன ஓடினது? ஏன் திரும்பி வந்தனி?"

"களைச்சுப் போனன்."