முதல் அனுதாபம்

டென்மார்க்கில் வைலே, கோல்டிங் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் அனுதாபம் என்னுடையதாகத்தான் இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைத்து என்ன பயன். எங்கள் சபையின் கைபேசிக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் என் கையில். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ கனடாவிலோ ஒருவர் கண்ணை மூடினால் பத்து நிமிடத்துக்குள் என் செய்தி குழுவில் நிற்கும். கோல்டிங்கில் இருக்கும் ஒருவர் எனக்குப் போட்டி. அவர் எரியும் மெழுகுவர்த்திப் படம், பறக்கும் புறாப் படம் எல்லாம் தேடிச் சேர்த்துப் போடுகிறவர். அந்தத் தேடலிலேயே பிந்திப்போவார்.

எனக்குத் தேடல் இல்லை. செய்தி தயாராகக் கைபேசிக் குறிப்பில் கிடந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஐந்து புள்ளிகள். அதற்குப் பிறகு, ‘எம்மை விட்டுப் பிரிந்த செய்தி அறிந்து ஆழ்ந்த துயரடைகிறோம், ஆன்மா இறைவனடியில் இளைப்பாற மன்றாடுகிறோம்’ என்று வரும். புள்ளிகளை அழித்துப் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. நான் போட்டதும் மற்றவர்கள் கைகூப்பிய படத்தோடு ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று வரிசையாகப் போடவேண்டும். போடாதவர்களை ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது பிடித்துக் கேட்பேன். சிரித்துக்கொண்டுதான் கேட்பேன், ஆனால் விடமாட்டேன்.

இறந்தவர் குழுவில் இருந்தவர் என்றால் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு அவருடைய இலக்கத்தை நீக்குவேன். அதற்கு முன் நீக்கினால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும். உயிரோடு இருக்கிற யாரையும் நான் நீக்கியதில்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் தாங்களாகவே போய்விடுவார்கள். ஆகவே ஒருவர் நீக்கப்பட்டார் என்ற வரி எங்கள் குழுவில் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மகளுக்குப் பதினெட்டு வயதானதும் அவளையும் சேர்த்தேன். இங்கே பிறந்தவள், ஓகூஸ் நகரத்தில் அறை எடுத்துப் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு டேனிஷில் பதில் சொல்வாள். சேர்த்த கையோடு குழுவின் சத்தத்தை அடைத்து வைத்துவிட்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தபோது அதைக் கண்டுபிடித்தேன். கைபேசியை வாங்கி நானே சத்தத்தைத் திறந்துவிட்டு, “செத்தவையின்ரை செய்தியாவது உனக்குத் தெரியவேணும்” என்றேன். கண்ணை உருட்டினாள். ஆனால் திரும்ப அடைக்கவில்லை. அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளை.

அது ஒரு கோடைச் சனிக்கிழமை, பின்னேரம். வெளியே நல்ல வெயில். தொலைக்காட்சியில் வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, வேறொரு நகரத்தில் பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்குள் யாரோ துப்பாக்கியால் சுடுவதாகச் சொன்னார்கள். அந்த நகரத்தின் பெயரை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் சொல்வதில்லை, இங்கேயும் விட்டுவிடுகிறேன். ஓகூஸ் இல்லை. அன்றைக்கு எனக்கு அது மட்டும் போதுமாக இருந்தது.

உள்ளே இருந்து யாரோ எடுத்த ஒரு காட்சியை மறுபடி மறுபடி காட்டினார்கள். ஆளில்லாத நகரும் படிகள் தம்பாட்டில் மேலே போய்க்கொண்டிருந்தன. கீழே ஒரு பிள்ளைத்தள்ளுவண்டி, காலியாக. பின்னணியில், பதிவுசெய்த ஒரு பெண்குரல், அருகிலுள்ள வாசலால் வெளியேறுங்கள் என்று டேனிஷிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. குரலில் அவசரமே இல்லை, ரயில் பிந்தி வரும் என்று சொல்வதுபோல. வாசலில் நின்ற நிருபர், சொல்வதற்கு வார்த்தை இல்லை என்றார். என்னிடம் வார்த்தை இருந்தது.

பெயர் தெரியாததால் புள்ளிகளின் இடத்தில் ‘துப்பாக்கிச் சூட்டில் பலியான உறவுகள்’ என்று போட்டேன். யாராவது இறந்தார்களா என்றுகூடத் தொலைக்காட்சி அப்போது சொல்லியிருக்கவில்லை. சூடு நின்றுவிட்டதா என்றும் சொல்லவில்லை. எப்படியும் உறுதியாகிவிடும், அதற்குள் கோல்டிங்காரர் முந்திவிடுவார் என்று நினைத்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். என் பிள்ளை ஓகூஸில் பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதியில்தான் மற்றவர்களுக்காக அவ்வளவு சுறுசுறுப்பாகத் துக்கப்பட முடிந்தது.

அனுப்பினேன். பதில்கள் வரத் தொடங்கின. டிங். ஆழ்ந்த அனுதாபங்கள். டிங். டிங். மனைவி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல யார் வாசித்தார்கள், யார் வாசித்துவிட்டுப் போடாமல் இருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். வாசித்தவர்களில் முதல் ஆள் என் மகள். அனுப்பிய அதே நிமிடத்தில் வாசித்திருந்தாள். பதில் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பொறுப்பாளரின் பிள்ளையே போடாவிட்டால் ஊரை எப்படிக் கேட்பது? அவளுக்குத் தனியாக எழுதினேன். “பிள்ளை, வாசிச்சுப்போட்டுச் சும்மா இருக்கிறாய். ஒரு அனுதாபம் போடு. சனம் பார்க்கும்.” அதையும் உடனே வாசித்தாள். அதற்கும் பதில் இல்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே அப்பனை மதிக்காமல் இருக்கிறாள் என்று கோபம் வந்தது. எடுத்தேன் அழைப்பு.

இரண்டு முறை மணி அடித்தது. எடுபட்டது. “பிள்ளை” என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. ஒருவருடைய மூச்சு அல்ல. நிறையப் பேர் ஒரு சின்ன இடத்தில் வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சு. அதற்கு அப்பால், எங்கோ தூரத்தில், அதே பெண்குரல். அருகிலுள்ள வாசலால் வெளியேறுங்கள். முதலில் டேனிஷ், பிறகு ஆங்கிலம். தொலைக்காட்சியில் இருந்து வருகிறது என்று நினைத்துத் திரும்பினேன். தொலைக்காட்சியில் நிருபர் பேசிக்கொண்டிருந்தார். குரல் என் காதுக்குள் இருந்துதான் வந்தது.

“லெக் போ” என்றார் யாரோ ஓர் ஆண், டேனிஷில், காற்றைப்போல. தொலைபேசியை வை என்று அர்த்தம். வைத்தேன்.

மனைவி கரண்டியோடு வாசலில் நின்றாள். “ஆர்? என்னவாம்?”

“பிள்ளை அங்கை நிக்கிறாள்.”

“எங்கை?”

நான் தொலைக்காட்சியைக் காட்டினேன். அவள் அந்தக் காலி நகரும் படிகளைப் பார்த்தாள். அதில் மகளைத் தேடினாள் என்று நினைக்கிறேன்.

அப்போது என் கையில் கைபேசி டிங் என்றது. ஆழ்ந்த அனுதாபங்கள். மறுபடி டிங். ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கோ ஓர் இருட்டு அறையில் என் மகளின் கைபேசியும் துடிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் தொடக்கிவைத்த அனுதாபம் ஒவ்வொன்றாக அவளிடம் போய்க்கொண்டிருந்தது. குழுவில் நூற்றுக்கு மேல் ஆட்கள். எல்லோரும் கடமை தவறாதவர்கள், அப்படிப் பழக்கிவைத்தவன் நான்.

நிறுத்துங்கள் என்று எழுதப்போனேன். எழுதினால் அதுவும் அவளிடம் ஒரு தடவை துடிக்கும். ஏன், என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், அதெல்லாம் துடிக்கும். குழுவை முழுதாக மூடிவைக்க ஏதோ வழி இருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. சேர்ப்பது, நீக்குவது.

பட்டியலில் அவளைத் தேடி எடுத்து அழுத்திப் பிடித்தேன். ‘நீக்கவா?’ என்று கேட்டது. விரல் நின்றுவிட்டது. அந்தப் பொத்தானை நான் அமர்த்தியதெல்லாம் மண்ணுக்குள் போனவர்களுக்காக. ஒவ்வொரு முறையும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் அமர்த்துவேன். இப்போது என் கை தானாகவே நெற்றிக்குப் போனது. பாதியில் கண்டு இறக்கினேன்.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?” என்றாள் மனைவி. விளக்கிச் சொன்னேன். அவள் அழவில்லை. “இஞ்சேருங்கோ, பிள்ளை உயிரோடை இருக்கிறாளெண்டால் அமத்துங்கோ” என்றாள்.

அமர்த்தினேன். மகளின் பெயரும் ‘நீக்கப்பட்டார்’ என்ற சொல்லும் சாம்பல் நிறத்தில் ஒரு வரியாக வந்து நின்றன. அதற்குக் கீழே அடுத்த நிமிடமே ஒருவர், மேலே பார்க்காமல், கைகூப்பி அனுதாபம் போட்டார்.

நாற்பது நிமிடம் அப்படி இருந்தோம். மீன் கருகிய புகை வீடெல்லாம் நின்றது, யாரும் யன்னலைத் திறக்கவில்லை. பிறகு தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. “அப்பா” என்றாள். காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தோம். ஒரு சிநேகிதியோடு ஒருநாள் பயணமாக அங்கே போயிருக்கிறாள், எங்களுக்குச் சொல்லவில்லை. சத்தம் கேட்டு ஓடி, சப்பாத்து, செருப்பு விற்கும் கடை ஒன்றின் பின்னறைக்குள் பதினொரு பேரோடு ஒளிந்திருக்கிறாள். வழியெல்லாம் அவள் பேசியது அவ்வளவுதான். அன்றைக்கு உண்மையிலேயே சிலர் இறந்திருந்தார்கள். நான் போட்ட செய்தி கடைசியில் சரியாகத்தான் போயிற்று.

ஞாயிறு காலை கதவு மணி அடித்தது. நான் மேலே முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் போய்த் திறந்திருக்கிறாள். இறங்கி வந்து பார்த்தால், வாசலில் கோல்டிங்காரரும் மனைவியும். வெள்ளை உடுப்பு, கையில் வெள்ளை லில்லிப்பூக் கட்டு. குழுவில் நின்ற அந்தச் சாம்பல் வரியைப் பார்த்திருக்கிறார்கள். முதல்நாள் இரவெல்லாம் எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறார்கள், நான் பதில் சொல்லவில்லை. அதையும் சேர்த்து அர்த்தம் பண்ணிக்கொண்டு பூ வாங்கிவந்துவிட்டார்கள். அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவரோ, வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருப்பார் போல, மகளின் முகத்தையே பார்த்து, “ஆழ்ந்த அனுதாபங்கள், பிள்ளை” என்றார்.

“தக்” என்றாள் மகள். நன்றி. பூவை வாங்கிக்கொண்டாள். பிறகு, வந்தவர்களை உள்ளே கூப்பிடாமல், தன் அறைக்குக் கொண்டுபோய்ச் சாடியில் வைத்தாள். மனைவி அதை எடுத்து எறியப்போனபோது, அது தனக்கு வந்த பூ என்று டேனிஷில் சொல்லித் தடுத்தாள். அந்த வாசம் இரண்டு நாள் மாடிப்படி வரைக்கும் இருந்தது. எனக்கு மேலே போகவே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நாடு முழுவதும் கொடி அரைக்கம்பத்தில். பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா எங்கள் படியில் ஒரு சின்ன விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போயிருந்தாள். நண்பகலில் தொலைக்காட்சியில் ஒரு நிமிட மௌனம். ஆயிரக்கணக்கானோர் ஒரு சதுக்கத்தில் தலை குனிந்து நின்றார்கள், பறவைச் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் சோபாவில் இருந்தோம்.

டிங்.

சத்தத்தை அணைக்க மறந்திருந்தேன். எடுத்து அணைத்துவிட்டுத் திரும்பினால் மகளைச் சோபாவில் காணவில்லை. தரையில், மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எப்போது இறங்கினாள் என்று எங்களுக்குத் தெரியாது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். தொலைபேசியில் நான் கேட்ட அதே மூச்சு.

நானும் தரையில் இறங்கி இருந்தேன். “மன்னிச்சுக்கொள், பிள்ளை” என்றேன்.

அவள் தமிழில் சொன்னாள். “கைபேசியை நிப்பாட்டப் பயமா இருந்தது, நிப்பாட்டேக்கை அது ஒரு பாட்டுப் பாடும். சத்தத்தைக் குறைச்சன். ஆனா அது துடிச்சுக்கொண்டே இருந்தது. ஒரு ஆள் அதை வாங்கி ஒரு சப்பாத்துக்குள்ளை வைச்சு, தன்ரை கோட்டாலை சுத்தினார். நீங்கள் எடுக்கேக்கை வெட்டத்தான் போனவர், விரல் மாறி அமத்திப்போட்டார்.” நிறுத்தினாள். “அதுக்கு முதல் உங்கடை செய்தியை வாசிச்சனான். எழுத்துக்கூட்டித்தான். ‘எம்மை விட்டுப் பிரிந்த’ எண்டு இருந்தது. அப்ப நான் செத்துப்போனன் எண்டு நினைச்சன். நீங்கள் அதிலை ஒருநாளும் பிழை விடமாட்டியள்தானே.”

மனைவி எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

“அப்பா, அது நான் எண்டு தெரிஞ்சிருந்தால் என்ன போட்டிருப்பியள்?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு தேடிப்பார்த்தேன். இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் எழுதியவன், என் பிள்ளைக்கென்று எனக்குள் ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். அந்த ஐந்து புள்ளிகளும் அவற்றின் பின்னால் வருவதும்தான் வந்தன.

“அதைத்தான் போட்டிருப்பன்” என்றேன். “உன்ரை பேரைப் போட்டு.”

தலையாட்டினாள். அப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்தவள்போல.

“அப்ப என்னைத் திருப்பிச் சேர்க்காதேங்கோ” என்றாள்.

இன்றுவரை சேர்க்கவில்லை.