முதல் சுற்று முன்னணி

குரங்கணி மலையிலிருந்து மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தோம். கூட வேலை பார்த்த மாயாண்டியும் கைக்குழந்தையோடு அவன் மனைவியும். அன்று ஓட்டு எண்ணும் நாள். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொன்ன எங்கள் வேட்பாளர் முதல் சுற்றில் முன்னணி என்று மதியம் ஏலக்காய்த் தோட்டத்து ரேடியோ சொன்னது. எங்களை வேலை வாங்கும் கங்காணி எதிரில் இடுப்பில் கட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"இனி ஒம்ம சோலியே வேண்டாம்யா."

மாயாண்டியையும் சொல்ல வைத்தேன். தோட்டத்து வீட்டை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார் கங்காணி.

அடிவார டீக்கடையில் சாயங்காலச் செய்தி கேட்டோம். எங்கள் ஆள் தோற்றிருந்தார்.

"மொத ரவுண்டக் கேட்டுட்டா சோலிய விட்டீக? நல்லா வெளங்கும்!" என்று கடைக்காரர் சிரித்தார்.

அவன் மனைவிதான் என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, வெரசா ஏறுனா வீட்டத் திருப்பிக் குடுப்பாகளா?"

அவர்கள் மலையேறினார்கள். கூடப் போய்த் தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆனாலும் போகாமல் இருந்தது நான்தான். கங்காணி கதவைத் திறக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை மலைக்குக் கீழே போடி ஊருக்குள், ஜெயித்தவரை வரவேற்கப் பந்தல் போட ஆள் தேடினார்கள். போய்ப் பந்தக்காலுக்குக் குழி தோண்டினேன்.