பின்னால் இழுத்தால் எந்த கியர்

1. நேர் ரோடு இல்லாத ஊர்

எங்கள் மலையில் கால் மைல் நேர் ரோடு கிடையாது. தேயிலைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த நான் அதுவரை பார்த்த ரோடெல்லாம் வளைந்துதான் கிடந்தது. அப்படிப்பட்ட ஊரில், எண்பதுகளின் தொடக்கத்தில், நேராக மட்டுமே ஓடும் பந்தயத்துக்கு ஒரு காரைத் தயார் செய்தோம். நடந்ததா, கனவா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

கார் காசிம் பாயுடையது. எங்கள் மலையின் பசாரான தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பழைய வண்டி, பெரிய இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். கீழே சமவெளியில் ஒரு பழைய விமானத் திடலில் இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் விடுவார்கள். கால் மைலை முதலில் கடப்பவனுக்கு வெற்றி. ஓட்டப்போகிறவன் சிவலிங்கம், தேயிலைப் பெட்டிகளோடு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் லோரி டிரைவர். என் தங்கச்சி லெட்சுமியின் புருஷன். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள்.

வேலை முடிந்த பிறகு மூலையில் வைத்துச் செய்துகொள்ளத் தோட்டத்து மேனேஜர் துரை சம்மதித்தார். அந்த நேரத்துக்குப் பனி ஒர்க்‌ஷாப்புக்குள் வந்துவிடும். காரின் அடியில் படுத்திருந்தால் முன் சக்கரம் தெரியும், பின் சக்கரம் இருக்காது. கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் வந்து நின்று பார்ப்பார்கள்.

"இது எங்க போவும்ணே?"

"நேரா போவும்."

"நேரான்னா எங்க?"

படுத்தபடியே, முடிவே இல்லாத ஒரு ரோட்டைப் பனிக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

2. ஈப்போ கடையிலிருந்து வந்த கேள்வி

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடியில் வால்வ் பாடி என்று ஒன்று உண்டு. எந்த கியருக்கு எண்ணெய் போகவேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். பந்தயத்துக்கு, கியர் தானாக மாறாமல் கையால் மட்டும் மாறும்படி அதை மாற்றவேண்டும். கீழே ஈப்போ டவுனில் கார் சாமான் விற்பவர், ஃபார்வர்ட் பேட்டர்னா, ரிவர்ஸ் பேட்டர்னா என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

ஃபார்வர்ட் என்றால் சாதாரணக் காரில் இருப்பதுதான். லீவரைப் பின்னால் கடைசிவரை இழுத்தால் ஒன்றாம் கியர். முன்னால் தள்ளத் தள்ள இரண்டு, மூன்று. அதற்கும் முன்னால் நியூட்ரல். பந்தய வேகத்தில் கை கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் நியூட்ரலில் விழுந்து இன்ஜின் அலறி உடைந்துபோகும். ரிவர்ஸ் பேட்டர்னில் எல்லாம் தலைகீழ். நியூட்ரலுக்கு அடுத்தது ஒன்று; பின்னால் இழுக்க இழுக்க இரண்டு, மூன்று. மூன்றுக்கு அப்பால் போக இடமே இல்லை. எவ்வளவு வெறியோடு இழுத்தாலும் தப்பு நடக்காது.

"அப்ப ரிவர்ஸ்தான்லா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பாய்.

"கார் எப்படிக் கீழ போவும், பாய்?"

"மாப்பிள்ளை ஓட்டிக்கிட்டுப் போவாரு. என் கடை வாசல்லேருந்து கிளம்பணும். பசாரே பாக்கணும்."

தாப்பா இறக்கம் முழுக்க வளைவு. இறக்கத்தில் வண்டி ஓடினால் சின்ன கியருக்கு வந்து இன்ஜினால் அடக்குவதுதான் எங்கள் டிரைவர்களின் வழக்கம். ஆட்டோமேட்டிக்கில் அதற்கு லீவரைப் பின்னால் இழுக்கவேண்டும். ரிவர்ஸ் பேட்டர்னில் அதே இழுப்பு பெரிய கியரைக் கொடுக்கும். அடக்கவேண்டிய நேரத்தில் வண்டியை அவிழ்த்துவிடும்.

"எனக்குத் தெரியாதா மச்சான்? ஞாபகம் வச்சு ஓட்டுவேன்," என்றான் சிவலிங்கம்.

ஞாபகம் மண்டையில்தானே இருக்கிறது, கையில் இல்லையே.

3. மண்வெட்டிக் காம்பு

ஒரு பலகையில் பள்ளம் வெட்டி மண்வெட்டிக் காம்பைச் செருகினேன். ரிவர்ஸ் பேட்டர்ன் மாதிரியே தடங்கல்கள் வைத்தேன். தேநீர் வேளையில் சிவலிங்கத்தை ஒரு தேயிலைப் பெட்டியில் உட்காரவைத்து, காம்பை இடது கையில் கொடுத்தேன். பாயும் வந்திருந்தார்.

"பச்சை" என்றேன். சரியாக இழுத்தான். "இறக்கம்" என்றேன். கொஞ்சம் யோசித்து முன்னால் தள்ளினான். சரிதான். பாய் சிரித்தார். நான் பேச்சை மாற்றி, பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போகிறான் என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பஸ்ஸு வருது, வளைவுல!" என்று கத்தினேன்.

கை பின்னால் இழுத்தது. முழு பலத்தோடு.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரிவர்ஸே போடுவோம் பாய். ஆனா கார் லோரி மேல போவட்டும்," என்றேன்.

"சந்தைக்குப் போற கோபிஸ் மாதிரியா?" என்றார் பாய். தன் காரை முட்டைக்கோஸாக்கிவிட்ட கோபம்தான், ஆனால் சம்மதித்தார்.

4. கால் மைல்

திரிங்காப்பிலிருந்து வந்த காய்கறி லோரியில் கார் இறங்கியது. பாய் பசாரைத் தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

திடலில் நின்று அந்த ரோட்டைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. வளைவே இல்லை. வெயிலில் அதன் கோடி நீர் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. சிவலிங்கம் ஒரு இழுப்பு இழுத்தான், இன்னொன்று இழுத்தான். நான் படுத்துக்கொண்டு பார்த்த கனவுக்குள் அவன் போய்க்கொண்டிருந்தான். முதல் ஓட்டத்தில் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம்.

ஜெயித்த ஓட்டத்திலிருந்து திரும்பியவன் முகம் வெளுத்திருந்தது.

"கோட்டைத் தாண்டினதும் ஒரு நாய் குறுக்க வந்துச்சு மச்சான். கை பின்னால இழுத்துடுச்சு. மூணாவதுலதான் இருந்தேன், அதனால ஒண்ணும் ஆவல. பிரேக்லதான் நின்னேன்."

பாய் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மலை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்து, "ஏறும்போதும் லோரியிலயே ஏத்து. பசார் பாத்தா பாக்கட்டும்," என்றார்.

இப்போதும் கியர் பேட்டர்ன் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் காரைப் பற்றிப் பேசுவதில்லை. பயந்தால் உன் கை எந்தப் பக்கம் போகும், நீ எந்த ரோட்டில் போகப்போகிறாய் என்றுதான் கேட்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று பனிக்குள் லோரி வந்து நின்றபோது லெட்சுமி தொழிற்சாலை வாசலில் காத்திருந்தாள். மண்வெட்டிக் காம்புக் கதை அவளுக்கும் எட்டியிருந்தது. காரை அவள் பார்க்கவே இல்லை. ஜெயித்தீர்களா என்றும் கேட்கவில்லை. சிவலிங்கத்தின் இடது கையைப் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தாள்.