நாங்கள் திருடிய உளவாளி

அனுமதி கேட்காமல் எடுத்த படங்களைப் பற்றி யாராவது ஆர்வமாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. அந்தப் பிரபலமான ஆங்கில உளவாளி நாவல்களை உலகம் முழுக்க எத்தனையோ பேர் சத்தமில்லாமல் சுட்டுப் படமாக்கியிருக்கிறார்கள். நம்மிடமும் கோட்டும் தொப்பியும் மாட்டிய துப்பறியும் கதாநாயகர்கள் கறுப்பு வெள்ளையில் வரிசையாக வந்து போனார்கள். அவற்றுக்கெல்லாம் பட்டியல் போட ஆட்கள் இருக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் வராத ஒன்றை முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் எடுத்தோம். ஸ்ரீரங்கத்து லோக்கல் கேபிள் சேனலுக்காக, எட்டு வாரம், எட்டுப் பகுதிகள்.

கதை வசனம் நான். அப்போது தாலுகா ஆபீஸில் கிளார்க். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த நாவல்கள் மூன்றை ஒன்றாகப் போட்டுப் பிசைந்து எழுதினேன். கதாநாயகன் என் நண்பன். ஸ்ரீரங்கத்துக்காரன், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். ஆள் சுமார்தான். ஆனால் அவன் குரல் மைக் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும்.

சேனல் முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: உளவாளி குடிக்கக் கூடாது. ஆகவே எங்கள் ஆள் எதிரியின் கூடாரத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பன்னீர் சோடா கேட்டான். கார் கிடைக்கவில்லை, காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் துரத்தினோம். எதிரியின் ரகசிய இடம், காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வாழைத்தார் குடோன். தொட்டியத்திலிருந்து லாரி வருகிற நாளில் ஷூட்டிங் கிடையாது. நடிக்கப் பெண் யாரும் சம்மதிக்காததால் எட்டுப் பகுதிகளிலும் கதாநாயகி போனிலேயே இருந்தாள். அந்தக் குரல் நண்பனின் மனைவியுடையது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத நேரம்.

இத்தனை காலம் கழித்து அந்தக் கந்தலை நான் தேட நேர்ந்ததற்குக் காரணம், போன வருடம் அவனுக்கு நடந்த ஆபரேஷன். தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான், ஆனால் பேச்சு போய்விட்டது. எதையும் ஒரு பிளாஸ்டிக் சிலேட்டில் எழுதித்தான் காட்டுகிறான். அவனைப் பார்க்கப் போன ஒரு நாள், அவன் மனைவி வாசல் வரை வந்து என்னை நிறுத்தினார்.

"அண்ணா, இவர் குரல் எனக்கு மறந்துண்டே வரது. போன்ல இருக்கறதெல்லாம் உடம்புக்கு வந்தப்புறம் பேசினது, காது குடுத்துக் கேக்க முடியல. கல்யாண கேசட்ல நாதஸ்வரம்தான் கேக்கறது. அந்த நாடகம் எங்கேயாவது இருக்குமா? நான் போன்ல பேசுவேனே, இவர் பதில் சொல்லுவாரே. அது ஒண்ணு கிடைச்சாப் போறும்."

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன். சொல்லிவிட்டேன், மாட்டிக்கொண்டேன்.

ஆறு மாதம் அலைந்தேன். சேனலை எப்போதோ மூடிவிட்டார்கள். முதலாளியும் இல்லை. அவர் மகன் பரணில் ஏறி இரண்டு கேசட்டுகளை எடுத்துக் கொடுத்தார். நாலு பகுதிக்கு ஒரு கேசட், கணக்கு சரி. ஆனால் எங்கள் நாடகத்தின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே வைகுண்ட ஏகாதசி என்று எழுதியிருந்தது. வருடா வருடம் சொர்க்கவாசல் திறப்பை சேனல் பதிவு செய்யும். புதுக் கேசட் இல்லாத அவசரத்தில், கையில் கிடைத்ததன் மேலேயே எடுத்திருக்கிறார்கள். இதை ஒரு குற்றமென்று ஸ்ரீரங்கத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? பெருமாள் எழுந்தருளிய இடத்தில் உளவாளிக்கு என்ன வேலை.

மனசு கேட்காமல், பாலக்கரையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் பென் டிரைவில் மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்தேன். நாலு நடை நடக்க விட்டார். முட்டி வலி கூடினதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தபோது அவரே போன் செய்தார்.

"ஒண்ணுல முழுக்க சாமிதான் சார். இன்னொண்ணுல சாமி முடிஞ்சப்புறம், கடைசியா ஒரு நாலு நிமிஷம் வேற என்னமோ இருக்கு. துப்பாக்கியெல்லாம் வருது. வந்து வாங்கிக்கிட்டுப் போங்க."

நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வாங்கின கையோடு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நண்பன் வீட்டு டிவியில் பென் டிரைவைச் சொருகினோம். நம்பெருமாள் ரத்னாங்கிக் கவசத்தில் புறப்பட்டார். அவன் மனைவி எழுந்து நின்று கைகூப்பினார். நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

"கொஞ்சம் ஓட்டி விட்டுடலாமாம்மா? நம்மது கடைசியிலதான் இருக்கு."

"பெருமாளையா ஓட்டறது? வேண்டாம்ணா. அவர் மெதுவாவே வரட்டும். நமக்கு என்ன அவசரம்."

எனக்கு அவசரம்தான். ஆனாலும் ரிமோட்டைக் கீழே வைத்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திரையில் கூட்டம் ரங்கா ரங்கா என்றது. நடுவில் ஒரு முறை காபி வந்தது. நண்பன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். எனக்கு எல்லாமே களைப்பாக இருந்தது. வியாதி விசாரிக்கப் போவது, தேடுவது, தேடினது கிடைப்பதுகூட.

பிறகு படம் ஒரு முறை குலுங்கி, வாழைத்தார்கள் தெரிந்தன. சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவன் மனைவி ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார்.

திரையில் நான். எழுதியவன் என்ற உரிமையில் வில்லன் வேஷத்தை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி, பொம்மைத் துப்பாக்கி. அந்த நாவல்களில் வில்லன் கதாநாயகனைச் சட்டென்று கொல்ல மாட்டான். கட்டிப் போட்டுவிட்டுத் தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்குவான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஆசை அடங்காமல் பக்கம் பக்கமாக எனக்கு நானே எழுதிக்கொண்டிருந்தேன். என் எதிரே நண்பன் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தான். வாயில் துணி அடைத்திருந்தது. நான் பேசினேன். காவிரியையே திருப்பிவிடப் போவதைப் பற்றி, குடோனுக்குள் நடந்து நடந்து பேசினேன்.

"இவர் எப்போண்ணா பேசுவார்?"

"இதோ, இப்ப" என்றேன். பேச மாட்டான் என்று எனக்குத் தெரியும். முனகக்கூடக் கூடாது, என் வசனம் கெட்டுப்போகும் என்று அன்றைக்கு அவனிடம் சொன்னதே நான்தான். அவனும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தான். தொடரும் என்ற அட்டை வந்தது. திரை நீலமானது.

அவன் மனைவி எழுந்தார். ஃபேனைப் போட்டுவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எனக்குத் தலையைத் தூக்க வெட்கமாக இருந்தது. நாலு நிமிடத்தில் அவனுக்கு ஒரே ஒரு வார்த்தை விட்டிருக்கலாம்.

அவன் சிலேட்டில் என்னவோ எழுதி என் மடியில் வைத்தான்.

"நன்னாப் பேசியிருக்கேடா."