கழுதைக்குப் புரிந்த பேச்சு

இலக்கணமும் தருக்கமும் படிக்க மேற்கே பிரெத்தோன் கடற்கரையிலிருந்து பாரிஸ் வந்தவன் ரிவால். அவனுடைய பிரெத்தோன் மொழி பேச மாணவர் விடுதியில் வேறு ஆளே இல்லை. அங்கே வாயைத் திறந்தால் லத்தீன்தான் வர வேண்டும். சொந்த மொழி பேசுகிறவனைக் காட்டிக்கொடுக்கவே ஒரு மாணவனை வைத்திருந்தார்கள். அவனுக்கு ஓநாய் என்று பேர். மூன்று தரம் மாட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெபத்தில் ஒரு தரம், கால் இடறி "அம்மா" என்றதில் ஒரு தரம், ரிவால் ஏற்கெனவே மாட்டியிருந்தான்.

அதனால் தண்ணீர் சுமக்கும் கழுதையிடம்தான் ஊர்க்கதை சொல்வான். அது காதை அவன் பக்கம் திருப்பும். கேட்டது, ஐயா, கேட்கத்தான் செய்தது. இல்லையென்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.

ஒருநாள் ஓநாயாக இருந்த ஓதோ என்கிற மாணவன், கழுதையோடு பேசிக்கொண்டிருந்த ரிவாலை மூன்றாம் தரமாகப் பிடித்து ஆசிரியர் முன்னால் நிறுத்திவிட்டான்.

"கழுதைகிட்டயும் லத்தீன்லயா பேசணும், ஐயா?" என்றான் ரிவால்.

"உன்னைவிட அது நல்லாவே பேசும்டா!" என்றான் ஓதோ. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. "கேக்கிறவனுக்குப் புரிஞ்சாத்தான் அது பேச்சு. புரியலைன்னா வெறும் சத்தம். சத்தத்துக்குத் தண்டனை இல்லை. நீயே சொல்லுப்பா, அதுக்குப் புரிஞ்சுதா?"

ரிவால் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"புரியலை, ஐயா. அதுக்கு ஒண்ணுமே புரியாது."

தப்பித்தான். மறுநாள் கிணற்றடியில் கழுதை வழக்கம்போலக் காதைத் திருப்பிக்கொண்டு நின்றது. ரிவால் குடங்களை ஏற்றிக் கயிற்றை இறுக்கினான். வாய் திறக்கவில்லை. பட்டம் வாங்க இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. அத்தனை நாளும் அதனிடம் வாய் திறக்கவில்லை.