ஒன்பது குசினிகளும் ஒரு சின்ன ரயிலும்

முத்துலிங்கம் அண்ணனைப் பற்றி எங்கள் லயத்தில் இப்போது யாரும் பேசுவதில்லை. திட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். நான் மட்டும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், ரயில் பாதைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு, மேக்கணக்கு. அங்கே ஒரே லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை. அவ்வளவுதான் எங்களுக்கு வெள்ளைக்காரன் அளந்து கொடுத்த உலகம். அண்ணனுக்கு ஐந்தாவது காம்பரா, எனக்கு ஏழாவது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். அவர் மனைவி ஜீவராணி அக்கா கொழுந்து எடுக்கிறார். ஒரே மகளை மஸ்கெலியாவில் கட்டிக் கொடுத்த வருஷம், 2017இல், அப்போது மனேஜராக இருந்த பழைய துரையிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, காம்பராவுக்குப் பின்னால் தகரத்தில் ஓர் அறை இறக்கினார். மகளும் மருமகனும் வந்தால் தங்குவதற்கு என்றுதான் ஜீவராணி அக்கா நினைத்தார். அதில் ரயில் வந்து தங்கியது.

எட்டடிக்கு நாலடி பலகை. அதன்மேல் எங்கள் மலை, எங்கள் பாதை, எங்கள் லயம், எல்லாவற்றையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தார். வெளிநாட்டுக்காரர்கள் இப்படிச் செய்வதை யூடியூப்பில் பார்த்துவிட்டுப் பிடித்த பைத்தியம் அது. நான் ஹட்டனில் இக்ராம் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். பிரிட்ஜ் பெட்டிகளில் வரும் வெள்ளை ரெஜிபோம் கட்டிகளை வீசாமல் எடுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். அது மலையானது. ஸ்பொஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால் தேயிலைச் செடி. ஐஸ்கிரீம் குச்சியில் சிலிப்பர் கட்டை. பால்மா டின்னை வெட்டி வளைத்து நீலம் பூசினால் கொழும்பு ரயில். உள்ளே இருந்தது பற்றரியில் ஓடும் விளையாட்டு ரயில்தான். சுரங்கத்துக்குள் போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அண்ணன் மறுபக்கத்தால் விரலை விட்டு இழுப்பார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது.

"இருக்கிறதெல்லாம் இருக்கணும் தம்பி. இல்லாதது ஒண்ணும் இருக்கக் கூடாது."

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடி வரப்போகிறது என்று தேர்தலில் சொன்னார்களே, அதையும் வைத்துவிடுங்கள் என்று நாங்கள் கேலி செய்தோம். கட்டட்டும், வைக்கிறேன் என்றார். மூன்றாவது காம்பராக்காரர்களின் நாய் செத்தபோது, அன்று மாலையே பலகையில் இருந்த நாயையும் பெயர்த்து எடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அண்ணன் அதன் முன்னாலேயே எடுத்தார். மனுஷனுக்கு அது உறைக்கவே இல்லை.

படம் எடுப்பதுதான் அவருடைய கெட்டித்தனம். போனைத் தலைகீழாகப் பிடித்தால் கெமரா தண்டவாளத்தின் மட்டத்துக்கு இறங்கிவிடும் என்று அவராகவே கண்டுபிடித்தார். விடிந்து வெயில் தகரத்து ஜன்னலால் சாய்வாக விழும் நேரத்தில், சாம்பிராணிப் புகையை மெல்ல ஊதிவிட்டு எடுப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், பனி மூடிய எங்கள் மலையேதான். பேஸ்புக்கில் போட்டால் கொழும்பிலிருந்து ஆட்கள் இது எந்த ஸ்டேஷன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதியும், புதிதாக என்ன சேர்த்தார் என்பதும் இருக்கும். அதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

பிறகு கொரோனா வந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நின்ற எங்கள் பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பினார்கள். ஒரு காம்பராவுக்குள் எட்டுப் பேர், ஒன்பது பேர். எங்கே படுப்பது, எங்கே அடுப்பு மூட்டுவது? யாரிடமும் கேட்காமல் பின்பக்கத்துச் சரிவை வெட்டி, தகரமும் பலகையும் வைத்து ஒவ்வொருவராகக் குசினி இறக்கினோம். ஒன்றரை வருஷத்தில் ஒன்பது குசினி. என்னுடையதும் அதில் ஒன்று. லயத்தின் முன்பக்கத்தால் வரும் உத்தியோகத்தர்களுக்கு அது கண்ணில் படாது. அண்ணன் ஒவ்வொன்றையும் அளந்து, செய்து, பலகையில் ஒட்டி, படம் எடுத்துப் போட்டார். 'மீனம்மா அக்காவின் குசினி வந்துவிட்டது. 14 ஆகஸ்ட் 2021.' நாங்கள் எல்லோரும் லைக் போட்டோம். நானும் போட்டேன்.

மீனம்மா அக்கா எட்டாவது காம்பரா. பென்சன் வாங்கிய தொழிலாளி, தனி மனுஷி, நெஞ்சில் இழுப்பு உள்ளவர். காம்பராவுக்குள் அடுப்பு மூட்டினால் ராத்திரி முழுக்க மூச்சுக்குத் திண்டாடுவார். அவர் மகள் பிரேமினி ஜோர்தானில் தையல் வேலை செய்து அனுப்பிய காசில்தான் அந்தக் குசினி எழும்பியது. புகை போக ஒரு குழாயும் வைத்திருந்தார். அண்ணன் போனைக் கொண்டுபோய்க் காட்டியபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டா முத்து, நெசத்த விட இது நல்லா இருக்கேடா."

போன வருஷம் புதிய துரை வந்தார். வந்த சூட்டோடு நோட்டீஸ் ஒட்டினார். தோட்டம் இப்போதைய கொம்பனியின் கைக்கு வந்தது 2020 ஜனவரியில். அதற்கு முன் கட்டியவை இருக்கலாம், பின்னால் கட்டியவை உடைக்கப்படும் என்று இருந்தது. எது எப்போது கட்டியது என்பதற்கு ஆபீசில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. எங்கள் தொழிற்சங்கத் தலைவர் சுதாகரன் அன்றைக்கே எல்லோரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாமே பழசு. கொரோனாவுக்கு முந்தி கட்டுனது. பன்னெண்டு வீடும் ஒரே பேச்சு. சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவராகப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். முத்துலிங்கம் அண்ணனும் அடித்தார். அவருடைய அறை உண்மையிலேயே பழசு. பொய் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இருந்தும் எங்களுக்காக அடித்தார். அதை நான் மறுக்க மாட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, கொட்டகலை பஸ் நிறுத்தத்தில் அண்ணனைக் கண்டேன். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"துரை பங்களாவுக்குக் கூப்புட்டாரு தம்பி. என் படத்தைப் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க. உக்காரச் சொன்னாரு. நாக்காலியில! பீங்கான் கோப்பையில தேத்தண்ணி குடுத்தாரு."

எங்கள் தோட்டத்தில் துரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்த தொழிலாளி கிடையாது. இருபத்தாறு வருஷமாக அந்தப் பங்களாவின் பைப்பையும் மோட்டரையும் பழுது பார்க்கிறவர், குசினி வாசலைத் தாண்டியதில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"என்ன கேட்டாரு?"

"எல்லாப் படத்தையும் காட்டச் சொன்னாரு. ஆரம்பத்துல இருந்து ஒவ்வொண்ணா. ரெண்டு மணி நேரம் தம்பி! ஒரு மனுசன் இப்பிடி உக்காந்து பாத்ததே இல்ல. ஜீவராணியே பாத்ததில்ல."

ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி இருப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"குசினியெல்லாம் காட்டுனீங்களா?"

"அதத்தான் ரொம்ப ரசிச்சாரு."

அவருக்கும் அப்போதுதான் ஏதோ உறைத்தது போலிருந்தது. சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் சத்தியத்த மீறல தம்பி. எப்ப கட்டுனதுன்னு அவரு ஒரு வார்த்த கேக்கல. படம் எப்ப எடுத்ததுன்னு மட்டுந்தான் கேட்டாரு."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். கை வரவில்லை. அந்த முகத்தில் இன்னும் பாதிச் சந்தோஷம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், ஒன்பது பெயர்களை வாசித்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் மாதமும் வருஷமும் இருந்தன. சுதாகரன் பழசு என்று வாயெடுத்தபோது, கிளார்க் ஐயா படங்களை அச்செடுத்துத் தைத்திருந்த கட்டை நீட்டினார். கலர் படங்கள். அழகான படங்கள். என் குசினி நாலாவது பக்கத்தில் இருந்தது. அதன் கூரைத் தகரத்தில் இருந்த துரு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பொய் சத்தியம் பண்ணியவர்கள் என்று எல்லோர் முன்னாலும் எங்களுக்குப் பெயர் வந்ததுதான் மிச்சம்.

உடைக்க வெளி ஆட்களைக் கொண்டுவரவில்லை. எங்கள் ஆட்களையே விட்டார்கள். அன்றைய நாள் பெயர் வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், இல்லையென்றால் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. கரண்ட் வயரைக் கழற்ற பிட்டர் வர வேண்டும் என்று துரை சொல்லி அனுப்பினார். வந்தார். ஒன்பது குசினியிலும் பல்பைக் கழற்றி, வயரைச் சுருட்டி, அந்தந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். மீனம்மா அக்கா வாங்கவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய அறையை மட்டும் யாரும் தொடவில்லை. அது பழசு என்பதற்கு 2017ஆம் வருஷத்துப் படம் இருக்கிறதே!

அன்று மாலை இளந்தாரிகள் நாலு பேர் கோடாலியோடு அவர் பலகையை உடைக்கக் கிளம்பினார்கள். சுதாகரன் மறித்தார்.

"தொடாதீங்கடா. ஒடச்சா அழுதுட்டு மறந்துருவான். இருக்கட்டும். அவனும் அவன் ரயிலும் இருக்கட்டும்."

அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. ஜீவராணி அக்கா பீலிக்குத் தண்ணீருக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். மலையில் அவருக்குப் பக்கத்து நிரையில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை. பங்குனியில் திருவிழா வந்தது. அம்மன் லயத்தைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று தட்டு வாங்கிப் போவது வழக்கம். ஜீவராணி அக்கா விடியலிலேயே குளித்து, வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தேங்காயும் பழமும் வைத்த தட்டோடு நின்றார். நாலாவது வாசலில் நின்ற அம்மன் அடுத்ததாக ஆறாவது வாசலில் நின்றாள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஐந்தாவது வாசலைத் தாண்டும்போது என் கால் ஒரு கணம் தயங்கியது. பின்னால் இருந்தவன் தோளால் இடித்தான், நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா தட்டை நீட்டியபடியே நின்றார். அவர் என்ன பாவம் செய்தார்? அந்த ரயிலை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தோம். மறுநாள் அவர் மஸ்கெலியாவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் தனியாகிவிட்டார். இனியாவது அந்தப் பலகையை மூடி வைப்பார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்புக்கில் புதிய படம் வந்தது. எங்கள் லயத்தின் பின்பக்கம், சவரம் செய்த கன்னம் மாதிரி வழுவழுவென்று. ஒன்பது குசினியையும் பிளேடால் கீறி எடுத்திருந்தார். உடைத்த இடத்தில் சிவப்பு மண்ணைக்கூடச் சரியாகத் தூவியிருந்தார். கீழே தேதி. தோட்டத்தில் ஒருவரும் லைக் போடவில்லை. ஜோர்தானிலிருந்து பிரேமினி மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'மாமா, எங்கம்மா இப்ப எங்க சமைக்கிறாங்கன்னு இதுல போடலையே.'

அதைப் படித்தால் எந்த மனுஷனுக்கும் செருப்பால் அடி வாங்கியது போல இருந்திருக்கும்.

மறுநாள் பின்னேரம் அண்ணன் அளவு நாடாவும் கொப்பியுமாக எட்டாவது காம்பரா வாசலில் வந்து நின்றார். நான் என் இஸ்தோப்பில் இருந்தேன். மீனம்மா அக்கா அவருடைய இஸ்தோப்பை ஒட்டி நீலத் தறப்பாளைச் சாய்த்துக் கட்டி, அதற்கடியில் மூன்று கல் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். காற்று புகையைத் திருப்பி அவர் முகத்திலேயே அடித்தது. இழுப்பு என் காதுவரை கேட்டது.

"அக்கா, பிரேமினி சொன்னது சரி. விட்டுப்போச்சு. தறப்பாள் நீளம் பாக்கணும்."

அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்தார். கல்லைத் தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன், எறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நாடாவோட ஒரு முனையப் புடி. அவன் ஒத்தையா அளந்தா தப்பாயிரும்."

பிடித்தேன். ஆறடி இரண்டங்குலம். அண்ணன் எழுதிக்கொண்டார். கல்லுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை எழுதினார். தறப்பாளில் இருந்த இரண்டு கிழிசலையும் எழுதினார்.

"மழ வந்தா அடுப்ப எந்தப் பக்கம் தள்ளுவீங்க அக்கா?"

"மழ வந்தா அடுப்பு இல்லடா."

"அப்ப?"

"அப்ப பட்டினி. அதையும் செஞ்சு வையி."

அண்ணன் யோசித்தார். மனசறிந்து சொல்கிறேன், அந்த மனுஷன் அங்கே நின்று, அதை எப்படிச் செய்வது என்றுதான் யோசித்தார். பிறகு கொப்பியை மூடிக்கொண்டு, மழை இல்லாத நாள் படமாகவே எடுத்துவிடுகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.